வரிசைன்னா வரிசை

ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தாண்டி ஒரு ஈகூட வரிசை மாறிப் போக முடியாது. காலாட்படையில் வீரப் பதக்கம் வாங்கியவர். இப்போது புறநோயாளிகள் பிரிவில் சீட்டு எண்ணைக் கூப்பிடும் காவலாளி. டாக்டரின் சித்தப்பாவே வந்தாலும் பெஞ்சைக் காட்டுவார். முழங்கால் வலி என்று போன சொந்த மனைவியை ஐம்பத்தேழாம் எண் வரும்வரை உட்கார வைத்தார்.

அன்றைக்கு வீட்டில் அவள் கேட்டாள், "உங்களைக் கட்டிக்கிட்டு எனக்கு என்னங்க லாபம்? காவலாளி பொண்டாட்டிக்குக் கால் வலி மட்டும்தான் மிச்சம்."

"வரிசைன்னா வரிசை," என்றார். அவர் பேச்சே அவ்வளவுதான்.

பதக்கத்தைத் துடைத்து வைப்பது அவள் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை, படைப்பிரிவின் நினைவு நாளுக்கு, அவர் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு போவார். சான்றிதழில் இருப்பது அவளுக்கு மனப்பாடம். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி ஓயாமல் சுட்டுக்கொண்டிருக்க, மறைப்பில்லாத வெட்டவெளியில் நான்கு முறை ஓடி, காயம்பட்ட நான்கு பேரைத் தூக்கி வந்தார்.

அதே வெட்டவெளியில் செத்தவன் அவள் தம்பி. "மாமா கூட இருக்கும்போது என்னடா பயம்" என்று அவனைப் படைக்கு அனுப்பியவளும் அவள்தான். முதல் குண்டிலேயே போய்விட்டான், வலி தெரிந்திருக்காது என்று கணவர் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். பதக்கத்துக்குப் பக்கத்தில் தம்பியின் படம். ஒரே துணியால் இரண்டையும் துடைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டையன் வந்தான். அன்றைக்கு அவர் தூக்கி வந்த நாலு பேரில் ஒருவன். மகள் கல்யாணப் பத்திரிகையோடு, செயற்கைக் கால் தரையில் டக் டக்கென்று தட்ட, வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"அண்ணி, உள்ள வர்றதுக்குச் சீட்டு எடுக்கணுமா?"

"நீங்க நேரா வாங்க தம்பி. சீட்டெல்லாம் எனக்குத்தான்."

டீ வந்தது. கட்டையன் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான்.

"எனக்குக் கட்டையன்னு பேர் வச்சதே இவன்தான் அண்ணி. எங்க அப்பா வச்ச பேர் இப்ப என் பொண்டாட்டிக்கே மறந்துபோச்சு." சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும். நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு."

எதிரே உட்கார்ந்திருந்த கணவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார்.

"கிளம்பு. பஸ் போயிடும்."

"மணி மூணுதாண்ணே ஆகுது."

"உக்காருங்க," என்றாள் மனைவி, கணவரிடம்.

கட்டையனின் வாயைப் பொத்தியிருக்கலாம். பழைய சண்டை ஒன்றைக் கிளப்பியாவது துரத்தியிருக்கலாம். இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே ஓடிய மனுஷன், சொந்த வீட்டில் நாலடி நகர முடியாமல் உட்கார்ந்தார்.

"நாங்க அஞ்சு பேர் அடிபட்டுக் கெடந்தோம் அண்ணி. பதுங்குகுழிக்குக் கிட்டத்துல கெடந்தது உங்க தம்பி. அண்ணன் மொதல்ல அவன்கிட்டத்தான் வந்தாரு. கக்கத்துல கை கொடுத்துத் தூக்கப் போறாரு. நான் அதுக்கு அப்பால கெடக்கேன், கால் பிஞ்சு தொங்குது. கத்திட்டேன். 'ஆமாய்யா, மச்சானத் தூக்கு, நாங்கல்லாம் கேக்க ஆளில்லாத பயலுக'ன்னு. அண்ணன் அவனை அப்படியே விட்டுட்டு என்னைத் தூக்க வந்துட்டாரு."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?"

கட்டையன் அவரைப் பார்த்தான். அவள் எதை நம்பிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இனி விழுங்க முடியாது.

"இருந்துச்சு அண்ணி. தொடையில அடி. சிரிச்சான்கூட. 'இவனைத் தூக்கிட்டுப் போ மாமா, இல்லேன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்'னான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என் வாயாலதான் அவன் போனான்."

"கால் பிஞ்ச வலியில கத்தினீங்க," என்றாள். "அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? கல்யாணத்துக்கு வந்துடறேன்."

கட்டையன் போனதும் கதவைச் சாத்தினாள். பத்திரிகையை அலமாரியில் வைத்தாள். அவர் எதிரே வந்து நின்றாள்.

"அடுத்தடுத்த தடவையும் அவனைத் தாண்டித்தான் போனீங்களா?"

"ஆமா."

"என்ன சொன்னான்?"

பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது. அவருக்கு அலுத்துவிட்டது.

"ரெண்டாவது தடவை, 'இன்னும் எத்தனை பேரு மாமா'ன்னான். மூணாவது தடவை தண்ணி கேட்டான். எங்கிட்ட இல்ல. நாலாவது தடவை..." நிறுத்தினார். "நாலாவது தடவை நான் அந்தப் பக்கம் திரும்பல."

ஐந்தாவது முறையும் ஓடியிருந்தார். அது சான்றிதழில் வரவில்லை, தூக்கி வந்தது பிணத்தை.

"உங்களுக்குத்தான் பயமே கிடையாதுன்னு எழுதியிருக்கே."

"குண்டுக்குப் பயப்படல," என்றார். "சொந்தக்காரனைப் பாத்துக்கிட்டான்னு நாலு பேர் பேசுவாங்களேன்னுதான் பயம். தொடைதானே, தாங்குவான்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். துணியை எடுத்துத் தம்பியின் படத்தைத் துடைத்தாள். பதக்கத்தைத் தொடவில்லை.

பத்து நாள் சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை.

பதினோராம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் அவர் இருபத்து மூன்றைக் கூப்பிடும்போது, கடைசி பெஞ்சில் அவளைப் பார்த்தார். முழங்காலில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தரையில் கால் ஊன்ற முடியவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சீட்டு நாற்பத்தொன்று.

வாசலை விட்டுவிட்டு அவளிடம் போனார். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படி நகர்ந்ததை யாரும் பார்த்ததில்லை.

"எந்திரி. உள்ள போ."

அவள் சீட்டைக் காட்டினாள்.

"அதெல்லாம் பரவால்ல, வா." குனிந்து அவள் கக்கத்தில் கை கொடுத்தார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் நகர்ந்து வழிவிட்டார். "உங்க வீட்டம்மாவா? கூட்டிட்டுப் போங்க சார். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவள் அவர் கையை எடுத்து விலக்கினாள். கோபமாகக்கூட இல்லை.

"எனக்கு முன்னாடி இன்னும் பதினேழு பேர் இருக்காங்க," என்றாள். "போங்க."

அவர் திரும்பி வாசலுக்குப் போனார்.

"இருபத்து நாலு," என்று கூப்பிட்டார். குரல் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட வேண்டியிருந்தது.