குத்தாத ஊசி

என் கணவர் யுகேந்திரன் ஒரு வருடமாகக் காரின் முன்கண்ணாடியோடுதான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில், இடப்புறம் உட்கார்ந்திருக்கும் என்னைத் திரும்பிப் பார்க்க அவர் கழுத்து விடவில்லை. இடப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து திரும்ப வேண்டும். காரைப் பின்னால் எடுக்கும்போது நான்தான் எட்டிப் பார்த்து, "வரலாம், வரலாம், நிறுத்துங்க!" என்று சொல்வேன். அவர் மேல் கோபம் இருக்கிற நாட்களில் கொஞ்சம் தாமதமாகச் சொல்வேன்.

அவருக்கு பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. கப்பலுக்கு மேலே உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே கீழே குனிந்து பார்த்தபடியே கண்டெய்னர்களைத் தூக்கி வைக்க வேண்டும். வருடக்கணக்கில் அப்படிக் குனிந்தால் யார் கழுத்துதான் சும்மா இருக்கும்? தைப்பூசம் முடிந்து வரும் மருத்துவச் சோதனையில் கழுத்து இரண்டு பக்கமும் சரியாகத் திரும்பாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவோம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு கீழே நின்று கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற வேலைதான். மேலே இருந்தால் கடல் தெரியும், கீழே இருந்தால் லாரி டயர்தான் தெரியும் என்று மனிதர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஜொகூர் பாருவில் ஒரு ஆஸ்பத்திரியில் கழுத்துவலி ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள், இவரும் பேர் கொடுத்தார். டிரை நீட்லிங் என்று பெயர். மருந்து எதுவும் இல்லாத மெல்லிய ஊசியை, தசை இறுகிப்போன இடத்தில் குத்தி எடுப்பார்கள். வலியைப் போக்குவது அந்த ஊசியா, இல்லை ஊசி குத்தினார்கள் என்ற நம்பிக்கையா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். அதனால் பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்குப் பொய் ஊசி. பொய் ஊசிக்கு முனை மழுங்கியிருக்கும். தோலில் பட்டால் சுருக்கென்று இருக்கும், ஆனால் உள்ளே இறங்காமல் கைப்பிடிக்குள்ளேயே போய்விடும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். ஆய்வு முடியும்வரை நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள். ஊசி போடுகிற பிசியோ, கிருஷ்ணகுமாரி மிஸ், அவருக்கு மட்டும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. நானும் எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

இவருக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். முதல் நாள் குப்புறப் படுத்துக்கொண்டு "ஐயோ அம்மா!" என்று அலறியதில் அடுத்த அறையிலிருந்த மலாய்க்கார அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அன்று திரும்பும் வழியில் மாசாய் முருகன் கோயிலில் இறங்கி வேண்டிக்கொண்டேன். முருகா, இவர் கழுத்து சரியாகிவிட்டால் இந்தத் தைப்பூசத்துக்கு இவர் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுக்க வைக்கிறேன். அவரைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. எங்களில் யார் கேட்கிறார்கள்? பிள்ளையின் முடியைப் பிள்ளையைக் கேட்டா நேர்ந்துகொள்கிறோம்?

கழுத்து தேறத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் அவரே திரும்பிப் பார்த்துக் காரைப் பின்னால் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரூபி, காதுகிட்ட நரைச்சிருக்கே, எப்பருந்து?" என்றார். இதைச் சொல்லவா கழுத்து சரியானது என்று சீறினேன். உள்ளுக்குள் அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். வேண்டுதலை மட்டும் அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆய்வு முடிந்ததும் மிஸ் எங்களை வரச்சொன்னார்.

"மிஸ்டர் யுகேந்திரன், உங்களுக்குப் போட்டது பிளாசிபோ. நிஜ ஊசி இல்ல."

இவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் கத்துனது?"

"அது நிஜம்தான். உங்க வலி குறைஞ்சதும் நிஜம்தான். வேணும்னா இப்ப நிஜ ஊசியே போட்டுக்கலாம்."

"வேணாம் மிஸ்," என்றார் அவசரமாக.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊசி இல்லன்னா அப்ப முருகன்தான் மிஸ்! இவருக்கு அலகு குத்துறேன்னு நான் வேண்டிக்கிட்டேன்லா," என்று போட்டு உடைத்தேன். இவர் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

மிஸ் சிரிக்கவில்லை. "இருக்கலாம்க்கா. ஆனா நிஜ ஊசி போட்டுக்கிட்டவங்க வீட்லயும் வேண்டிக்கிட்டவங்க இருப்பாங்க. தைலம் தேய்ச்சவங்க இருப்பாங்க. அதெல்லாம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா விழட்டும்னுதான் குலுக்கிப் போடுறோம். கூட்டத்துக்கு எது உதவுதுன்னு இந்த ஆய்வு சொல்லும். இவர் ஒருத்தருக்கு எதனால குறைஞ்சுதுன்னு என்னால சொல்ல முடியாது."

நான் தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கிறவள். அவர் சொன்னது புரியத்தான் செய்தது. முருகனைக்கூட இரண்டாகப் பங்கு போட்டுத் தராசின் இரண்டு தட்டிலும் வைத்துவிட்டார்களே என்று மனது ஆறவில்லை.

வீடு திரும்பும்போது இவர் முன்கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார். "என் கன்னத்த என்னைக் கேக்காமலே குடுத்துட்டியா?"

"உங்களுக்காகத்தானே."

"கம்பி எல்லாம் என்னால முடியாது ரூபி. கிட்ட வந்தாலே விழுந்துருவேன்."

அந்த வாரமே கழுத்து பழையபடி இறுகிக்கொண்டது. காலையில் சட்டை போடுவதற்கே முனகினார். பொய் ஊசி என்று தெரிந்த நாளிலிருந்து, தேறியதும் பொய்தான் என்று கழுத்துக்கே தோன்றிவிட்டது போலிருந்தது. உண்மையைச் சொன்ன மிஸ்ஸை அந்த நாட்களில் நான் வெறுத்தேன். டாக்டரின் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு காலுக்கும் நடுவே கடலைப் பார்த்துப் பழகிய மனிதர் தரையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கழுத்து மறுபடி கெட்டுப்போனதால் நேர்த்திக்கடன் இல்லை என்று ஆகிவிடுமா? ஒருமுறை சரியானதே, அதற்கு என்ன பதில்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, "வேண்டினது என் வாய்தானே. நானே நாக்குல வேல் குத்தி பால்குடம் எடுக்குறேன்," என்றேன். மறுநாளிலிருந்து அவர், நான் கேட்காமலே, என்னோடு சேர்ந்து விரதச் சாப்பாடு சாப்பிட்டார்.

தைப்பூசத்தன்று மேளச் சத்தத்தில் காது அடைத்தது. வேல் குத்துகிறவர் முன்னால் நான் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு இடப்பக்கம் இவர், என் பால்குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக வியர்த்தபடி நின்றிருந்தார். "வேல் வேல்!" என்று கூட்டம் கத்த, வெள்ளி வேல் என் நாக்கருகே வந்தது. கண்ணை மூடத் தோன்றாமல் மிரண்டுபோய், கையால் முகத்தை மறைக்கவும் வழியில்லாமல், இவர் வெடுக்கென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் என்றால் இடப்பக்கம். கழுத்து மட்டும்தான் திரும்பியது. தோள் அசையவில்லை, பால் ஒரு சொட்டு சிந்தவில்லை. தாடை தோளுக்கு மேலே போய் நின்றது. முனகலும் இல்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேல் இறங்கியது, வலித்தது, ஆனால் அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

கோயில்வரை பால்குடத்தைச் சுமந்து நடந்தேன். தலையில் இருந்த பாலைவிட வாயில் இருந்த சேதி கனத்தது. "என்னங்க, திரும்பிட்டீங்க!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. நாக்கில் வேல் இருக்கிறதே, என்ன செய்ய?

பால் ஊற்றி, வேலை எடுத்து, நாக்கில் திருநீறு வைத்தார்கள். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அப்போது கிருஷ்ணகுமாரி மிஸ்ஸின் முகம் ஞாபகம் வந்தது. எல்லாம் தெரிந்தும் வாரக்கணக்கில் எங்களுக்குப் பிடிகொடுக்காமல் வைத்திருந்த அந்த முகம். சொன்னதால்தானே போன தடவை கெட்டது? டாக்டரின் சோதனை அடுத்த வாரம். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றது. இவர் தலையை என் பக்கம் திருப்பி, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வலிக்குதா?" என்றார்.

ஒரு வருடமாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. இல்லை என்று தலையசைத்தேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். நான் வாயைத் திறக்காமல் பச்சை விளக்கைக் கைகாட்டினேன்.