அஜிதா வந்தால் ஏறுற பிறசர்

"ஒருக்கா வெட்டினது காணாதே? பேந்தும் திறக்கப்போகினமாம். அந்த மனுசன்ரை வயிறு என்ன அலுமாரியே, திறந்து திறந்து மூட?"

"அக்கா, நீங்கள் டொக்டரோ?"

"நான் டொக்டர் இல்லை. ஆனா அந்த வயித்துக்கு முப்பது வருசமாச் சமைச்சுப் போட்டது நான். எனக்குத் தெரியாத வயிறே அது?"

"அப்ப நான் சொல்லுறதையும் கேளுங்கோ. காலமை அந்தப் பிரெஞ்சு நேர்ஸ் வந்து அளக்கேக்கை ஒரு பிரச்சினையும் இல்லை. இந்தத் தமிழ்ப் பிள்ளை வந்து அளந்தால்தான் ஏறுது. பிழை அத்தானின்ரை வயித்திலை இல்லை, அந்தப் பிள்ளையிலை."

"கிறகரி, வாயை மூடு. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லாதை."

கட்டிலைச் சுத்தின கேட்டின் திரைக்கு இந்தப் பக்கம் சிரிஞ்சும் கையுமா நிண்டது அந்தப் பிள்ளைதான், அஜிதா. உள்ளுக்கை சண்டை பிடிச்சது அக்னெஸ் அன்ரியும் அவவின்ரை தம்பி கிறகரியும். தன்னைக் குறை சொன்னது அஜிதாவுக்குச் சுட்டது. அதைவிட, அன்ரி ஏன் தனக்காக இப்பிடி வரிஞ்சு கட்டிக்கொண்டு நிக்கிறா எண்டதுதான் அவவுக்கு விளங்கேல்லை.

இது 2006 மாசி மாதம், கனடாவிலை மொன்றியலிலை ஒரு பெரிய ஆசுப்பத்திரி. அஜிதா அங்கை ஆராய்ச்சி நேர்ஸ். வயித்துக்குள்ளை இருக்கிற அழுத்தத்தை அளக்கிறதுதான் அவவின்ரை வேலை. கையிலை பட்டி சுத்திப் பிறசர் பாக்கிறது எல்லாருக்கும் தெரியும். வயித்துக்கும் ஒரு பிறசர் இருக்கெண்டு கனபேருக்குத் தெரியாது. அது கூடினால் சலம், அதுதான் மூத்திரம், நிண்டுபோகும், மூச்சு முட்டும், ஆளையே கொண்டுபோடும். அளக்கிற விதம் லேசு. சலம் போற குழாய்க்குள்ளாலை கொஞ்ச உப்புத்தண்ணியை உள்ளுக்கு விட்டிட்டு, சலப்பைக்குள்ளை எவ்வளவு அழுத்தம் எண்டு மொனிற்றரிலை பாக்கிறது. சலப்பையும் வயித்துக்குள்ளைதானே கிடக்கு, வயிறு நெரிச்சால் அதுவும் நெரிபடும்.

அக்னெஸ் அன்ரியின்ரை மனுசன் அம்புறோஸ் அங்கிளுக்குப் பழைய ஒப்பிரேசன் வெட்டுக்குள்ளாலை குடல் தள்ளி, தேங்காய் மாதிரித் தொங்கிக்கொண்டு இருந்தது. டொக்டர் ரவிசங்கர் அதை உள்ளுக்கை தள்ளி, வலை வைச்சுத் தைச்சுவிட்டார். கொழும்புக்குப் போறவை சூட்கேசுக்கு மேலை ஏறி இருந்து சிப் இழுக்கிற மாதிரித்தான். உள்ளுக்கை இடம் காணாட்டில் பிறசர் ஏறும். அதாலை அங்கிளையும் ஆராய்ச்சிக்குள்ளை சேர்த்தவை.

லூசி எண்ட பிரெஞ்சு நேர்ஸ் அளந்தால் ஒன்பது, பத்து. அது நல்ல கணக்கு. அஜிதா அளந்தால் இருபத்திரண்டு. கட்டில் மட்டமாக் கிடக்கு. தண்ணி அதே அளவு. அங்கிள் மூச்சை வெளியிலை விடுற நேரம் பாத்துத்தான் எடுத்தவ. எல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சரிபாத்தா. ஒரு பிழையும் பிடிபடேல்லை. அங்கிளின்ரை முகம் மட்டும் சிவந்து, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தது. பாவம், நோகுதாக்கும் எண்டு நினைச்சா.

டொக்டர் ரவிசங்கர் மதுரைக்காரர், இஞ்சை வந்து கனகாலம். சலம் நல்லாப் போகுதே, பிறகேன் பிறசர் இப்பிடி எண்டு அவருக்கும் யோசினை. கடைசியா அவர் சொன்னார்:

"அஜிதா, ரெண்டு மணிக்கு நானே வர்றேன். அப்பவும் இருபதுக்கு மேல இருந்தா ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. தியேட்டருக்குக் கொண்டு போய்த் தையலைத் திறந்துடலாம்."

ரெண்டு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அங்கிளின்ரை வயித்தைத் திறக்கிறதோ விடுறதோ எண்டது இப்ப அஜிதாவின்ரை கையிலை. லூசியைக் கூப்பிட்டு, நீ உள்ளுக்கை போய் அள, நான் கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு பாக்கிறன் எண்டா.

லூசி போய் "பொன்ஜூர்" சொன்னா. அங்கிள் சிரிச்சார். போர்வைக்குக் கீழை வயிறு பேக்கரியிலை நல்லாப் பொங்கின பாண்மா மாதிரி, குண்டா, நிம்மதியாக் கிடந்தது. பத்து.

அஜிதா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளுக்கை வைச்சா. வயித்தைக் காணேல்லை.

மெய்யாச் சொன்னால் காணாமலே போச்சுது. போர்வை பலகை மாதிரித் தட்டை. அங்கிளின்ரை கன்னம் ரெண்டும் ஊதி, கண் பிதுங்கி நிக்குது. மொனிற்றரிலை இருபத்திரண்டு, இருபத்திமூண்டு. அஜிதா பின்னாலை போனா. வயிறு மெல்ல மெல்ல எழும்பி வந்திட்டுது. திருப்பி உள்ளுக்கை வந்தா. போச்சுது. லூசி வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடிச்சா.

"அங்கிள்," எண்டா அஜிதா, "வயித்தை ஏன் இறுக்கிப் பிடிக்கிறியள்?"

அங்கிள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்ததாலை மறுமொழி வரேல்லை. கண்ணாலை மனிசியைக் காட்டினார். அக்னெஸ் அன்ரி யன்னலுக்கு வெளியிலை ஸ்னோ கொட்டுறதை, அண்டைக்குத்தான் முதல் முதல் காணுற மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டா.

"உவதான்," அங்கிள் புஸ்ஸெண்டு மூச்சை விட்டார். "சம்பந்தி வீட்டுப் பிள்ளைக்கு முன்னாலை உந்த வண்டி வயித்தைத் தள்ளிக்கொண்டு கிடக்காதையுங்கோ, பிறகு எங்கடை பெடியனும் வயசுபோக இப்பிடித்தான் வருவான் எண்டு பயந்திடும் எண்டவ."

பிறகு அன்ரியிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கதை வந்திது. மகன் டினோஜனுக்கு ஒரு கலியாணப் பேச்சுக்கால். கர்க்லாண்டிலை இருக்கிற மரியதாசனின்ரை மகள், ஆசுப்பத்திரியிலை ஆராய்ச்சி செய்யுதாம் எண்டு கோயிலிலை ஆரோ சொல்லியிருக்கினம். பேரைச் சொல்லேல்லை. முதல் நாள் அஜிதா வந்து வணக்கம் சொல்ல, அன்ரி எங்கை பிள்ளை இருக்கிறியள் எண்டு கேட்டவ. கர்க்லாண்ட் எண்டு அஜிதா சொன்னா. கழுத்திலை தாலி இல்லை, விரலிலை மோதிரம் இல்லை. அன்ரிக்கு அது காணும். கலியாண விசயத்தை நேரை கேக்கிறது மரியாதை இல்லைத்தானே. கேக்காமலே முடிவெடுத்திட்டா.

அஜிதா சட்டைப் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டு, ஊசியிலை குத்தி வைச்சிருந்த தாலியையும் மோதிரத்தையும் எடுத்துக் காட்டினா. இந்தப் பிரிவிலை கை கழுவிக் கழுவி வேலை செய்யவேணும், ஒண்டும் போடக்கூடாது. அவவுக்குக் கலியாணம் முடிஞ்சு, பிள்ளையள் ரெண்டும் கார்டறி எண்ட பிள்ளைக் காப்பகத்திலை நிக்குதுகள். மரியதாசன் எண்டு ஒருத்தரையும் அவவுக்குத் தெரியாது.

முதலிலை சிரிச்சது கிறகரி. "அத்தான், வேறை ஆற்றையோ பெண்சாதிக்காகவோ இவ்வளவு நாளும் மூச்சுப் பிடிச்சனீங்கள்?"

அதோடை சரி. அங்கிள் தையலை ரெண்டு கையாலையும் பொத்திக்கொண்டு, ஐயோ நோகுது ஐயோ நோகுது எண்டு சிரிச்சார். மொனிற்றர் முப்பத்தைந்துக்குப் போய்க் கத்தத் தொடங்கிச்சுது. சிரிச்சாலும் வயித்துப் பிறசர் ஏறும். ரெண்டு மணிக்கு டொக்டர் வரப்போறார், அங்கிள் சிரிச்சுக்கொண்டு கிடந்தால் கணக்கெடுக்க ஏலாது. அஜிதா எல்லாரையும் வாயை மூடச் சொன்னா. மூடிச்சினம். மூடின வாயளைப் பாக்க லூசிக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஒரு சொல்லும் விளங்காமலே. திருப்பியும் எல்லாரும் தொடங்கிச்சினம். கிறகரியை வெளியிலை அனுப்பினா. அவர் கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு கன்னத்தை ஊதிக் காட்டினார். நாப்பது.

நடைவழியிலை டொக்டரின்ரை குரல் கேட்டது. அஜிதாவுக்குக் கண்ணாலை தண்ணி. அது சிரிப்போ அழுகையோ எண்டு அவவுக்கே தெரியேல்லை.

அப்பதான் அக்னெஸ் அன்ரி கைப்பைக்குள்ளை இருந்து செபமாலையை எடுத்தா. "விலத்துங்கோ பிள்ளை. இந்த மனுசன் வீட்டிலை செபமாலை சொல்லேக்கை ஒரு நாளும் ரெண்டாம் பத்துத் தாண்டி முழிச்சிருந்ததில்லை. முப்பது வருசமா எழுப்பி எழுப்பிக் களைச்சுப்போனன். இண்டைக்கு எழுப்பமாட்டன்."

அருள் நிறைந்த மரியே எண்டு தொடங்கினா, வீட்டிலை சொல்லுற அதே ஒரே இழுவையிலை. அங்கிள் ரெண்டு தரம் குலுங்கினார். முதலாம் பத்திலை கண் சொருகிச்சுது. ரெண்டாம் பத்து முடியேல்லை, வாய் திறந்திட்டுது, வயிறு பாண்மா மாதிரிப் பொங்கி வந்து தன்ரை இடத்திலை இருந்திது. அஜிதா மூச்சுக் காட்டாமல் அளந்தா.

ஒன்பது.

டொக்டர் ரவிசங்கர் கேட்டினை விலக்கினார். குறட்டை விடுற அங்கிளையும் மொனிற்றரையும் பாத்தார். அஜிதா காதுக்குள்ளை நடந்ததைச் சொன்னா. வயிறு இறுகியிருக்கேக்கை எடுத்தது ஒண்டும் கணக்கில்லை எண்டு அவர் ஒத்துக்கொண்டார். "தியேட்டர் வேண்டாம்" எண்டவர், தும்முற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியிலை போனார். கண்ணாடிக்கு அங்காலை அவரின்ரை தோள் குலுங்கிக்கொண்டு இருந்தது.

அன்ரி செபமாலையை அரைவாசியிலை விடேல்லை. கடைசி மணி முடிய, அஜிதாவை மெல்லக் கிட்டக் கூப்பிட்டு, பிள்ளைக்குத் தங்கச்சி ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டா. இந்த முறை நேரையே கேட்டா.

அங்கிள் சுகமா வீட்டை போயிட்டார். அஜிதா இப்ப ஆராய்ச்சிக்கு வாற ஆக்களுக்கு, அளக்க முதல் வயித்தைத் தளர விடச் சொல்லுறா. பிரெஞ்சிலையும் இங்கிலிசிலையும் சொன்னால் விடுகினம். தமிழிலை "வயித்தை இறுக்காதையுங்கோ" எண்டால் எங்கடை ஆக்கள் உடனை இன்னும் இறுக்குகினம். அதாலை இதை எழுதுற நான் வாசிக்கிற உங்களிட்டைத்தான் கேக்கிறன். எங்கடை ஒரு மனுசன் வெக்கப்படாமல் வயித்தை விடுறதுக்கு என்ன சொல்லவேணும்? உங்கடை வீட்டிலை சொல்லுற சொல்லு ஒண்டு இருந்தால் கீழை எழுதுங்கோ, நான் அஜிதாவிட்டைக் குடுக்கிறன்.