பெரியப்பா இறந்துபோன கட்டுரை

எனக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசை வந்ததற்குக் காரணம் என் மதிப்பெண்கள். வேறு காரணம் தேடினாலும் கிடைக்காது. எங்கள் ஊரில் அந்த அளவுக்கு மதிப்பெண் வாங்கிவிட்டால், டாக்டர் படிப்பைக் கழுத்தில் கட்டிவிட்ட மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லாரும் டாக்டர், டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மருத்துவக் கல்லூரிக்காரர்களுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. இந்தப் படிப்பை நீ ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். "மதிப்பெண் வந்துவிட்டது, என்ன செய்வது?" என்று அதில் எழுத முடியாது. "மனித உயிரின் மேன்மையைச் சிறு வயதிலேயே உணர்ந்த நான்" என்று ஆரம்பித்து ஒரு பக்கத்தை நிரப்பி, எங்கள் வகுப்பாசிரியை லியாவ் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டீச்சர் முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"சிறு வயசுன்னா எந்த வயசு, ஷின்-நிங்?"

"ஆறு, ஏழு இருக்கும் டீச்சர்."

"இன்னிக்குக் காலையிலேருந்து இதே வரியத்தான் படிச்சிட்டிருக்கேன். உங்க வகுப்பு மொத்தமும் ஆறு வயசுல ஒண்ணா உக்காந்து உயிரோட மேன்மைய உணர்ந்திருக்கீங்க போல. வீட்டுல யாருக்காவது உடம்புக்கு முடியாம இருந்திருக்கா? அத எழுது."

அதுதான் சங்கடம். தைவானின் புட்ஸி ஊரில் சவப்பெட்டியும் ஈமச் சடங்கும் எங்கள் குடும்பத் தொழில். அப்பா கடையைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய அண்ணன் சுன்-ஷெங் பெரியப்பா அமரர் ஊர்தி ஓட்டுகிறார். தங்கை லி-ஹ்வா அத்தை, சொந்தக்காரர்களின் அழுகை போதாத வீடுகளுக்குப் போய்க் கூலிக்கு ஒப்பாரி வைக்கிறாள். சாவிலேயே சோறு தின்னும் குடும்பம். ஆனாலும் ஒருவராவது எனக்காக நாலு நாள் படுக்கையில் விழுந்தார்களா? எல்லாரும் எருமை மாதிரி திடமாக இருந்தார்கள்.

"அப்பா தொழிலப் பத்தி எழுதட்டுமா டீச்சர்?"

"சவப்பெட்டிக் கடையா? பொண்ணு டாக்டரு, அப்பா சவப்பெட்டி. எப்படி விழுந்தாலும் லாபம்னு நெனைச்சுக்க மாட்டாங்களா? போ, வேற எழுதிட்டு வா."

அன்று மாலை அத்தை ஒரு சாவு வீட்டிலிருந்து திரும்பி, முகத்தில் வழிந்த மையைத் துடைத்துக்கொண்டே கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என் கட்டுரையை வாங்கிப் படித்தாள்.

"என்னடி இது, சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருக்கு. இதுக்கு யாரு அழுவா?"

"அழ வைக்கிறதுக்கு இல்ல அத்தை. காரணம் சொல்றதுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். அங்க உக்காந்திருக்கிற பெரிய மனுஷங்க மனசு இளகணும், அவ்வளவுதான? நான் மைக்கப் புடிச்சா, 'ஐயோ அப்பா போயிட்டீங்களே'ன்னு ஆரம்பிக்க மாட்டேன். அதுக்கு யாரும் அசைய மாட்டாங்க. போனவருக்கு என்ன சாப்பாடு புடிக்கும்னு வீட்டுல கேட்டு வச்சுப்பேன். 'உங்களுக்காக மீன் வறுத்து வச்சேனே அப்பா, ஆறிப் போச்சே'ன்னு ஒரு வரி. மாமனார்கூட வருஷக் கணக்கா பேசாத மருமக கூடத் தரையில விழுந்து அழுவா. ஆள் ஒண்ணு வேணும், சாப்பாடு ஒண்ணு வேணும். எழுது போ."

சாப்பாடு உடனே கிடைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வான்கோழிச் சோற்றுக்கு இணையாக உருக்கமான பண்டம் வேறில்லை. ஆள்தான் யோசிக்க வேண்டியிருந்தது. அப்பாவைக் கொல்ல மனம் வரவில்லை. அம்மாவைக் கொன்றால் சோறு போட ஆளில்லை. அத்தைக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள். மிஞ்சியது பெரியப்பா. கல்யாணம் ஆகாதவர், குழந்தை குட்டி இல்லாதவர், எதற்கும் கோபப்படாதவர். கதையில் சாவதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தார்.

ஈரல் புற்றுநோயில் பெரியப்பாவைச் சாகடித்தேன். கடைசி நாளில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வான்கோழிச் சோறு கேட்கிறார். நான் சைக்கிளில் பறக்கிறேன். கடையில் கூட்டம். பொட்டலத்தோடு மூச்சிரைக்க ஓடி வரும்போது அவர் கண் மூடியிருக்கிறது. பொட்டலம் இன்னும் சூடாக இருக்கிறது. "அந்தச் சூடு என் உள்ளங்கையில் இன்றும் இருக்கிறது. அதனால் மருத்துவம்." எழுதி முடித்தபோது எனக்கே மூக்கு அடைத்துக்கொண்டது. இப்படிப்பட்ட பெண்ணுக்கு இடம் கொடுக்காத கல்லூரியும் ஒரு கல்லூரியா என்று தோன்றியது.

லியாவ் டீச்சர் படித்து முடித்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு என் தோளைத் தட்டி, "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார். நான் அடக்கத்தோடு தரையைப் பார்த்தேன். அந்த அடக்கத்துக்குத் தனியாக மதிப்பெண் போடலாம்.

சனிக்கிழமை காலை. பெரியப்பா கடை வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், வாயில் வெற்றிலை பாக்கு. நான் உள்ளே பூவளையங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கறுப்பு உடையில், கையில் துக்கப் பணம் வைத்த வெள்ளை உறையோடு லியாவ் டீச்சர் இறங்கினார்.

வெள்ளை உறையோடு வருகிறவர்களைப் பெரியப்பா அன்றாடம் பார்க்கிறவர். சட்டென்று குழாயை மூடி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாங்கம்மா. மனசத் தேத்திக்கங்க. யாரு வீட்டுலேருந்து வர்றீங்க?"

"நான் ஷின்-நிங்கோட டீச்சர். துக்கம் விசாரிக்கலாம்னு வந்தேன். தாமதமாத்தான் தெரிஞ்சுது."

"துக்கமா? யாருக்கு?"

"இந்த வீட்டுப் பெரியவர் கோ சுன்-ஷெங் ஐயா..."

பெரியப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"நாந்தாம்மா அது."

நான் ஒரு பூவளையத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். "மறைந்தாலும் மனதில் வாழ்கிறீர்கள்" என்று பொன்னெழுத்தில் எழுதிய வளையம் அது. அத்தை வந்து என் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. டீச்சர் நின்றபடியே வெள்ளை உறையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அது உள்ளே போகவே இல்லை. அப்பா கத்தினார். "உசுரோட இருக்கிற மனுஷனச் செத்தான்னு எழுதுவியா? அதுவும் இந்தத் தொழில் பண்ற வீட்டுல?" அம்மா கடைத்தெருவுக்குப் போய்ப் பன்றிக்கால் வாங்கி வந்து, சேமியாவோடு வேகவைத்தாள், எங்கள் வீட்டில் தீட்டும் கெட்ட சகுனமும் அதற்குத்தான் கட்டுப்படும். பெரியப்பாவை உட்கார வைத்துக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டாத குறையாகப் போட்டார்கள்.

அவர் மட்டும் கோபப்படவில்லை. கட்டுரையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"டீச்சரம்மா இதப் படிச்சிட்டா அழுதாங்க?"

"ஆமா பெரியப்பா."

"நெசமாவா?" அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஏன் நிங், வான்கோழிச் சோறு வாங்கிட்டு வர இவ்வளவு நேரமா? சந்து வழியா வந்திருந்தா நான் சாப்புட்டுட்டே போயிருப்பேனே."

எல்லாரும் சிரித்து விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பெரியப்பா அடுத்த சில நாட்களில் தன் வயிற்றின் வலது பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வழிமறித்தார்.

"ஈரல்னு எழுதினியே, எதுக்குக் குறிப்பா ஈரல்?"

"சும்மாதான் பெரியப்பா. படிக்க நல்லா இருந்துச்சு."

"எங்க அப்பா அதுலதான் போனாரு. நான் இதுவரைக்கும் காட்டினதே இல்ல." கொஞ்சம் தயங்கினார். "நீதான கொன்னே. நீயே கூட வா."

சியாயி நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் களிம்பு தடவி ஸ்கேன் பார்த்தார்கள். முடிவு வந்த நாளில் மறுபடி போனோம். இளம் டாக்டர். கணினித் திரையைப் பார்த்தபடியே மாண்டரினில் மளமளவென்று பேசினார்: ஆன்டிஜென், நார்த்திசு, கண்காணிப்பு, இடைவெளி. பெரியப்பாவுக்குப் பேச வருவது எங்கள் பக்கத்துத் தைவானிதான். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். கதவு மூடிக்கொண்டது. வெளியே நீல நாற்காலியில் உட்கார்ந்தோம்.

"என்ன சொன்னாரு?" என்றார் பெரியப்பா.

"உங்களுக்குப் புரியலயா? தலையாட்டினீங்களே!"

"நீ ஆட்டினே, அதனால ஆட்டினேன்."

"ஐயோ, நீங்க ஆட்டினதப் பாத்துத்தான் பெரியப்பா நான் ஆட்டினேன்."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சீட்டை நேராகப் பிடித்து, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராக்கினார். உயிரின் மேன்மை ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. பயங்கர வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மாவட்டத்திலேயே முதல் வரிசை மதிப்பெண், பக்கத்தில் இருக்கிற மனுஷனுக்கு என்ன வியாதி என்று சொல்லத் தெரியவில்லை.

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். நர்ஸ் தலையை நீட்டினாள்.

"அடுத்த ஆள் உள்ள இருக்காங்க, தெரியலயா? உங்களுக்குத்தான் சொல்லியாச்சே?"

"சொன்னாங்க. எங்களுக்குத்தான் புரியல."

"புரியலன்னா அப்பவே கேக்கணும்." கதவு மறுபடி மூடிக்கொண்டது. நான் அங்கேயே நின்றேன். அடுத்த நோயாளி வெளியே வந்தபோது பெரியப்பாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். டாக்டர் முதன்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"எது புரியல?"

"எல்லாமே."

அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நான் தைவானியில் மாற்றிச் சொன்னேன். பாதி வார்த்தைகளுக்கு எனக்கும் சொல் இல்லை. ஈரலில் ஒரு கிருமி இருக்கிறது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். புற்று இல்லை. ஆனால் ஈரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. தவறாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரை. சாராயம் கூடாது.

"அந்தக் கிருமியச் சுமக்கிறவர்னு சொல்வாங்க பெரியப்பா."

"சுமக்கிறவனா? அதான எனக்கு வேலையே," என்றார். டாக்டருக்குத் தைவானி கொஞ்சம் தெரிந்திருக்கிறது, அவரும் சிரித்துவிட்டார். பெரியப்பா அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "கேளு நிங், இதுல ஆளு போயிடுவானா?"

கேட்டேன். "ஒழுங்கா வந்தா ரொம்ப நாள் இருக்கலாம். வராம இருந்தாதான் பயம்," என்றார் டாக்டர். நான் அதை எங்கள் மொழியில் சொன்னேன். சொல்லும்போதே பெரியப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். இன்னும் பத்துப் பேருக்கு இப்படிச் சொல்லலாம் போலிருந்தது. ஆனால் சொல்வதற்கு முன் எனக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அதைத்தான் எழுதினேன்: புரியாமல் தலையாட்டியது, கதவில் திட்டு வாங்கியது, எல்லாமே. அத்தை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு சொட்டு வராது. சாப்பாடு கூட இல்லயே." லியாவ் டீச்சர் சந்தேகத்தோடு கேட்டார்: "இதுல யாரும் சாகலயே? நான் போன் பண்ணி விசாரிச்சுக்கட்டுமா?" விசாரிக்கவும் செய்தார். பெரியப்பாவே போனை எடுத்து, இன்னும் உயிரோடுதான் இருப்பதாக உறுதிமொழி கொடுத்தார்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்த அம்மையார் என் தாளை விரலால் தட்டினார். "புரியாம தலையாட்டற பழக்கம்னு எழுதியிருக்கீங்க. டாக்டரானப்புறம் அது ஆபத்து இல்லயா?" அவர் கேட்டு முடிக்கும்வரை நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் காத்திருந்தார். நான் கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

ஓரத்தில் இருந்த வயதானவர், "உங்கப்பா ஈமச் சடங்குத் தொழில்னு போட்டிருக்கு. அவர் வேலைக்கும் எங்க வேலைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். ஒத்திகை பார்த்த அழகான பதில் ஒன்று இருந்தது. அது அந்த நேரத்தில் வரவில்லை. "அப்பாகிட்ட யாரும் ரெண்டாந் தடவ வர்றதில்ல சார்," என்றேன். அவர் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் பல் மருத்துவம் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு கல்லூரி நேராகவே வேண்டாம் என்றது. இன்னொன்று காத்திருப்போர் பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியலில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் மேலான இடங்களுக்கு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வேண்டியவர்களெல்லாம் எழுந்து போன பந்தியில் எனக்கும் ஓர் இலை விழுந்தது.

செய்தி வந்தபோது பெரியப்பா ஒரு பெரிய வீட்டுச் சவ ஊர்வலத்தின் முன்னால் வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார். மதியம் சாப்பிட வந்தபின் சொல்லியிருக்கலாம். நான் போன் செய்துவிட்டேன். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"கெடச்சிருச்சு பெரியப்பா!"

பெரியப்பா ஹாரனை அழுத்தினார். ஒருமுறை அழுத்தி விட்டிருந்தாலாவது வழி விடச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். விடாமல் அழுத்தினார். பின்னால் ஒப்பாரிச் சடங்குப்படி முழங்காலில் தவழ்ந்து வந்த அத்தை, மைக்கைக் கையில் பிடித்தபடியே "என்னண்ணே ஆச்சு உனக்கு?" என்று கத்தினாள், அது ஊர் முழுக்கக் கேட்டது. ஊர்வலம் நின்றது. அப்பா வேர்த்து விறுவிறுத்து ஓடி, இறந்தவரின் மூத்த மகனிடம் இடுப்பு மடங்கக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"பொண்ணுக்கு மருத்துவத்துல இடம் கெடச்சிருக்குங்க. எங்கண்ணன் சந்தோஷத்துல... பெரிய தப்புங்க, மன்னிச்சிருங்க."

மூத்த மகன் துக்கத்துக்கு உடுத்தும் சாக்குத்துணியோடு நின்றிருந்தார். காலையிலிருந்து மண்டியிட்டு மண்டியிட்டு எழுந்த மனிதர்.

"மருத்துவமா?" என்றார். "முட்டிக்குப் பாக்குமா அந்தப் பொண்ணு?"

"இனிமேத்தாங்க படிக்கணும்."

"சரி, சீக்கிரம் படிக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.