ஜெபம் முடியும்வரை சாவி

குழித்துறைச் சந்தை ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடையின் ஒப்பந்தக் காலம் முடிகிற அன்று, வாடகைக்கு இருப்பவர் ஷட்டரைப் பூட்டி, ஒரு சாட்சி பார்க்க, சாவியைக் கட்டடச் சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அவர் ஜெபமோ பூஜையோ முடித்துப் புதிய பத்திரத்தோடு அதைத் திருப்பிக் கொடுப்பார். திறந்து கிடக்கும் கடையின் சாவி கணக்கில் சேராது. பத்து வருஷத்துக்கு முன்னால் சத்தியபாயின் புருஷன் ஜெப்சன் அப்படித்தான் கொடுத்தான். குடிக்கத் தந்த காபி ஆறுவதற்குள் சாவி திரும்பி வந்தது.

ஜெப்சன் செத்த பிறகு பேக்கரியை அவள்தான் நடத்தினாள். இம்முறை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கெடு முடிந்தது. ஊருக்கான கேக்குகள் பின்சுவரோடு கட்டிய செங்கல் போர்மா அடுப்பில் வெந்துகொண்டிருந்தன. எடுப்பதற்குள் போய் வந்துவிடலாமென்று ஷட்டரைப் பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்துக்கொண்டாள். பார்த்துநின்ற செருப்புக்கடை முருகதாஸைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மாடியேறினாள்.

கட்டடக்காரர் ஞானையன் இரண்டு கையாலும் சாவியை வாங்கினார். கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார், விதவைகளையும் மறக்கவில்லை. ஆமென் சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"பத்திரம், மாமா?"

"இரி மக்களே. காப்பி குடி."

"அடுப்புல கேக்கு கெடக்கு."

"மருமவன் ஷிபின் துபாயை முடிச்சிட்டு வாறான். இனி கடை அவனுக்கு. போர்மாவ நீங்க ரெண்டுபேரும் நல்லாத்தான் கெட்டியிருக்கிய."

"கேக்குகள மட்டும் எடுத்துட்டு வந்து சாவியத் திருப்பித் தாறேன் மாமா."

"உள்ள ஏறினா பொறவு எறங்குவியா? நானா இருந்தா எறங்கமாட்டேன்." அவள் கடை ரஸ்க்கைக் காபியில் முக்கித் தின்றார்.

ஜன்னல் வழியே ஏலமும் முந்திரியுமாக மணம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது கசந்தது. ஞானையனின் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி சத்தியா, நம்ம வீட்டுக் கேக்கும் அதுலதானா கெடக்கு?"

சத்தியபாய் முருகதாஸின் பக்கம் திரும்பினாள். ஜெப்சனின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவன் அவன்.

"நீ சொல்லு தம்பி. திருப்பித் தருவாவன்னுதானே குடுத்தேன்."

முருகதாஸ் தரையைப் பார்த்தான். அவன் கடையும் இந்தக் கட்டடத்தில்தான் இருந்தது.

"அக்கா பூட்டினதக் கண்டேன். சாவி குடுத்ததக் கண்டேன். வேற ஒண்ணும் நான் காணல்ல." பிறகு ஞானையனிடம் குரலைத் தாழ்த்தினான். "மாசியில எனக்க கெடுவும் முடியுது, மொதலாளி."

"பாப்போம்டே," என்றார் ஞானையன்.

அவள் படியிறங்கி ஓடினாள். கேக் வாங்க வந்தவர்கள் கடைமுன்னால் கூடி நின்றார்கள். ஷட்டரின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"உள்ள கரியுது, இந்த நேரத்துல பூட்டிப் போட்டது யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான்," என்றாள் சத்தியபாய்.