துரைக்கு ஒரு பெட்டி

நாடு மாறுவது என்றால் விமானத்தில் ஏறி உட்காருவது என்று நினைத்திருந்தேன். அது கடைசி வேலை, அதுவும் சுலபமான வேலை. அதற்கு முன்னால் ஆளை அலைக்கழித்து அரை உயிராக்குகிற வேலைகள் வரிசை கட்டி நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "எல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிடும், நீ ஏன் கவலைப்படுற" என்றார். சொன்ன கையோடு கிளம்பிப் போய் அங்கே வேலையில் சேர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டவள் நான்.

போவதற்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். துரை வந்தால்தான் நான் வருவேன். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. வீட்டுக்காரர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நானோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ஆட்களோடு வாயாடியே காலம் தள்ளியவள். நாலு சுவருக்குள் யாரோடு பேசுவது? துரையாவது வேண்டும் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

துரை எங்கள் நாய். பரிசோதனைக் கூடத்துப் படிக்கட்டில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துவந்தேன். வந்த மறுநாளே, தட்டு இருக்கும் இடத்துக்குத் தான் போவதில்லை, தான் இருக்கும் இடத்துக்குத் தட்டு வரவேண்டும் என்பதை நிலைநாட்டிவிட்டது. அன்று முதல் அதற்குத் துரை என்று பெயர். 'துரை எழுந்தாச்சா', 'துரை சாப்பிட்டாரா' என்றுதான் வீட்டில் பேச்சு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செல்லம் முழுக்க அவருக்கே போனது.

வீட்டில் இன்னொரு ஆள் என் அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, ஒரு சூட்கேஸோடும் ஸ்பானர் செட்டோடும் எங்கள் கடைசி அறைக்கு வந்து சேர்ந்தான். "லிப்ட் நின்ன பிறகு ஓடுறவன் மெக்கானிக் இல்ல, நிக்கிறதுக்கு முன்னாடி போறவன்தான் மெக்கானிக்" என்பது அவனுடைய பெருமை. வீட்டிலும் அதே கதைதான். குழாய் ஒழுகுவதற்கு முன்னால் வாஷர் மாறியிருக்கும். பல்ப் மினுக்க ஆரம்பித்த அன்றே புதுசு வந்திருக்கும். ஒரு வேலையை நாம் நினைப்பதற்குள் அவன் முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பான். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அந்த நாட்டின் குடியிருப்பு அனுமதிக்காக விசா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்த்தவரின் முத்திரை மங்கல் என்று இன்னொரு தடவை. அடுத்த முறை எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகமாகப் பேசினாள். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"எங்க அண்ணனும் எங்ககூடத்தான் இருக்கான்மா. அவனையும் சேர்க்க வழி இருக்கா?"

"கூடப் பிறந்தவங்க குடும்பத்துல வரமாட்டாங்க மேடம். கணவன், மனைவி, சின்னப் பிள்ளைங்க, அவ்வளவுதான்."

"வீட்டுல ஒரு நாய் இருக்கே?"

"நாய்னா பிரச்சினை இல்ல. அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு."

வெளியே மரத்தடியில் காத்திருந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "துரைக்கு இருக்கிற மரியாதை வேற யாருக்குக் கிடைக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒருவழியாக அனுமதி வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் அந்த நாட்டில் கால் வைக்காவிட்டால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மறுபடி அந்தக் காது தெரிகிற போட்டோவை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றியது. அண்ணன் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தான்.

நாய், பூனைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பெட்டிக்காரர். மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரை, தரையிலிருந்து காது நுனி வரை என்று அளவெடுத்தார். பெட்டிக்குள் நாய் நிமிர்ந்து நிற்க வேண்டும், தடையில்லாமல் திரும்பிப் படுக்க வேண்டும், அதுதான் விதியாம். துரை அசையாமல் நின்றார். கோட்டு தைக்க அளவு எடுக்கிறார்கள் என்ற நினைப்பு போலிருக்கிறது.

"வெறிநாய்த் தடுப்பூசி போடணும். கழுத்துத் தோலுக்கடியில அடையாளச் சிப் வைக்கணும்" என்று பெட்டிக்காரர் ஆரம்பித்தார்.

"ரெண்டும் போன மாசமே முடிஞ்சாச்சு" என்றான் அண்ணன்.

"உங்களை மாதிரி ஆளுங்க கிடைக்கிறது கஷ்டம் சார். எல்லாரும் கடைசி நேரத்துல வந்து என் உயிரை எடுப்பாங்க. ஊசி போட்ட கார்டை மட்டும் அப்புறமா போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

அண்ணன் முகத்தில் அன்றைக்கு முழுக்க வெளிச்சம்.

பெட்டி வந்தது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. அண்ணன் முதல் வேலையாக அதைப் பிரித்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினான். துரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிஸ்கட்டை வீசினால் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு, பின்னங்கால்களை வெளியிலேயே ஊன்றிக்கொண்டார். கடைசியில் எப்படிப் போவது என்று காட்டுவதற்காக அண்ணனே உள்ளே நுழைந்தான். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டார்.

"மச்சான் எங்க?"

"பெட்டிக்குள்ள இருக்கான். தோள் மாட்டிக்கிச்சு."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

எப்படியோ துரை பழகினார். மதியச் சாப்பாடு ஆனதும் தானாகவே உள்ளே போய்ச் சுருண்டு குறட்டை விட ஆரம்பித்தார். அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்பி வழியாக இரண்டு விரலை உள்ளே விட்டுக்கொண்டிருப்பான். அவர் மூக்கு அந்த விரல் மேல் இருக்கும். சாமான்களைப் பிரித்து அடுக்குகிற களைப்பில் நான் அதைப் பார்த்தும் பார்க்காமலும் போய்க்கொண்டிருந்தேன்.

வங்கி வேறு விதமான வதை. நாட்டை விட்டுப் போகிறவர்கள் சாதாரணக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வேறு வகைக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணனும் நானும் சேர்ந்து திறந்த கணக்கு. மாற்றுவதற்கு அன்று போட்ட அதே கையெழுத்தை இன்றும் போட வேண்டும். எனக்கு அது மறந்தே போய்விட்டது. அந்த வயதில் பெரிய ஆள் என்ற நினைப்பில் கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து, வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி வேறு வைத்திருக்கிறேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வளையணும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தாள் தாளாக வால் போட்டு விரல் மரத்துப்போனது.

"பாப்பா, வாலை இடது பக்கம் இழு" என்று பின்னால் இருந்து அண்ணன் குரல் கொடுத்தான். அந்தப் பெண் எழுந்து நின்று குழந்தை எங்கே என்று தேடினாள்.

ஒருவழியாகக் கையெழுத்து ஒத்துப்போனது. அடுத்த கேள்வி வந்தது. "உங்க அண்ணன் பேரை வச்சுக்கலாமா, எடுத்துடலாமா மேடம்? எடுத்துட்டா வேலை சுலபம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான். "எடுத்துடுங்கம்மா. அங்க போயி ஒவ்வொண்ணுக்கும் அவ என் கையெழுத்தைத் தேடிக்கிட்டு இருக்க வேண்டாம்."

பேனாவை வாங்கிப் பட்டென்று போட்டுக் கொடுத்தான். அவன் கையெழுத்து மட்டும் மாறவே இல்லை. அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது எனக்கு மனசு வலித்தது. இவன் தன்னை ஒவ்வொரு இடத்திலிருந்தும் தானே கழற்றிக்கொண்டு வருகிறான் என்று தோன்றியது. கேட்கத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

அதே வாரம் பெட்டிக்காரர் போன் பண்ணினார்.

"மேடம், கார்டு பார்த்தேன். ஊசி முதல்ல போட்டிருக்கு, சிப் அப்புறம்தான் வச்சிருக்கு."

"அதனால என்ன?"

"சிப் வச்ச பிறகு போட்ட ஊசிதான் செல்லும். சிப் இல்லாதப்ப போட்டா அது எந்த நாய்க்குப் போட்டதுன்னு அவங்க கேப்பாங்க. மறுபடி ஊசி போட்டு, ரத்தம் எடுத்து அனுப்பி, அப்புறமும் சில மாசம் காத்திருக்கணும். உங்க விமானத்துல துரை வர முடியாது மேடம். பின்னாடி தனியா சரக்கு விமானத்துல ஏத்தலாம். இங்க இருந்து யாராவது கொண்டு வந்து ஒப்படைக்கணும்."

அண்ணனிடம் கேட்டேன். அன்றைக்கு டாக்டரிடம் சிப் தீர்ந்துபோயிருந்ததாம். அடுத்த வாரம் வரச் சொன்னாராம். வந்ததுதான் வந்தோம், ஊசியையாவது முடித்துவிடுவோம் என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"உன்னை யாரு முந்திக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். "எதுலயும் உனக்குப் பொறுமையே கிடையாது. சும்மா இருந்திருந்தா எல்லாம் நல்லபடியா நடந்திருக்கும்."

அவன் அந்தக் கார்டை எடுத்து, தேதிகள் மாறிவிடுமா என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னார். "இதுல என்ன இருக்கு? மச்சான்தான் இருக்காரே. நீ தேதிக்கு வந்துடு. அவர் கொஞ்ச நாள் துரையைப் பாத்துக்கிட்டு அப்புறமா ஏத்தி விட்டுடுவாரு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. நிம்மதியாகக்கூட இருந்தது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் ஈரத்துணியால் பெட்டியின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னால முடியாது பாப்பா."

என் காதையே நம்ப முடியவில்லை. அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

"திட்டினதுக்குக் கோபமா?"

"அதெல்லாம் இல்ல. தப்பு என்னோடதுதான்."

"பின்ன என்ன? கொஞ்ச மாசம்தானே."

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "நீங்க கிளம்புற அன்னிக்கு இந்த வீடு எப்படி இருக்கும்னு நான் யோசிச்சு வச்சுட்டேன். நீயும் துரையும் ஒண்ணாப் போயிடுவீங்க. நான் வந்து கதவைத் திறந்தா ஒருத்தரும் இருக்க மாட்டீங்க. அதுக்கு மனசைத் தயார் பண்ணியாச்சு. இப்ப நீ போன பிறகு நானும் துரையும் மட்டும் இருக்கணும். நல்லாத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் நானே அவரை இதுக்குள்ள வச்சுக் கொண்டு போய்க் கொடுத்துட்டு, வெறுங்கையோட திரும்பி வரணும். ஒரு தடவை தாங்குவேன் பாப்பா. ரெண்டு தடவை என்னால ஆகாது. வேற எங்கயாவது விட்டுட்டுப் போ."

இதையும் முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறான். லிப்ட் நிற்பதற்கு முன்னால் போகிறவன் அல்லவா. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் அழுதது எனக்காகத்தான். துரை இல்லாமல் அந்த ஊரில் எப்படி நாளைத் தள்ளுவேன் என்கிற பயம். அண்ணனை நினைத்து அழுதது அதற்குப் பிறகுதான். அது நிற்கவும் இல்லை.

மறுநாள் காலையில் பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, ஏற்பாட்டை நிறுத்திவிடச் சொன்னேன்.

"நாய்க்கு ஏதாவது ஆயிடுச்சா மேடம்?"

"துரை நல்லா இருக்காரு. அவர் எங்கயும் வரல."

வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "நீ தனியா என்ன பண்ணுவ?" என்றார். எனக்கே தெரியாது, வந்து பார்க்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். துரையை வெளியே கூட்டிப்போவது எப்போதும் அவன்தான். துரை ஏற்கெனவே வாசலில் போய் நின்றுவிட்டார்.

"அண்ணா, துரை உன்கிட்டயே இருக்கட்டும்."

"அதான் முடியாதுன்னு சொன்னேனே."

"கொஞ்ச நாளைக்குச் சொல்லல. மொத்தமா. யாரும் அனுப்பவும் வேண்டாம், கூட்டிட்டுப் போகவும் வேண்டாம். அவர் உன்னோட நாய்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, துரையைத்தான் பார்த்தான்.

"அங்க நீ யாரோட பேசுவ?"

"உனக்குப் போன் பண்ணி உயிரை எடுப்பேன்."

குனிந்து துரையின் கழுத்தில் வாரை மாட்டினான். மாட்டியவன் நிமிர்ந்து, வாரின் மறுமுனையை என் கையில் திணித்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"நீயே கூட்டிட்டுப் போ பாப்பா. நீ கிளம்புற வரைக்கும் தினமும் நீயே போ. எனக்குத்தான் அப்புறம் நிறைய நாள் இருக்கே."