இரண்டு படகிலும் எரிந்த பச்சை விளக்கு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புதிய கணினி மொழி ஒன்றுக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். "அது சிப்போடு நேரடியாகப் பேச வேண்டும், ஆனால் கணக்கைப் போல, ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் பூவிழி வந்து வாக்கியத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

2

லைட்ஹவுஸ் குப்பத்து முனியனின் மகள். அனுப்பம்பட்டில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதுகிறவள்.

(முதலில் "ஏரியின் மேல் வெள்ளி நிலா" என்று எழுதி அடித்துவிட்டேன். முனியனைத் தண்ணீரில் இறங்காதே என்று ஊரே தள்ளி வைத்திருக்கிறது, நிலாவாம் நிலா.)

குப்பத்தை ஒட்டிய ஏரியில் நல்ல இறால் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். யார் என்றைக்கு எங்கே வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உடம்பு முடியாதவர் தன் பாட்டை ஊர் முன்னால் வாயால் சொல்லி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் அங்கே ஒரு குச்சிகூட ஊன்றக் கூடாது.

இந்த வருஷம் ஒரு கம்பெனி ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி கொடுத்தது. பாடு உன்னுடையது என்றால் பச்சை விளக்கு எரியும். முனியன் காய்ச்சலில் தன் பாட்டை ஊர் முன்னால் சொல்லி, பெட்டியிலும் பதிந்து, அதே குப்பத்துத் தசரதனுக்குக் கொடுத்தார். விடியும் முன்பே காய்ச்சல் விட்டுவிட்டது. படகில் பார்த்தால் பச்சை. தசரதன் திருப்பிக் கொடுத்துவிட்டான்போல என்று கிளம்பினார். தசரதனின் பெட்டியிலும் பச்சைதான். அவன் ஏற்கெனவே கட்டியிருந்த வலையை முனியனின் படகு கிழித்துவிட்டது.

என் பெட்டியிலும் பச்சை எரிந்தது என்று முனியன் சொன்னதை ஊர் நம்பவில்லை; கொடுத்ததைப் பிடுங்கப் போனார் என்றது. பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டால் ஏரியில் இறங்கலாம், இல்லையென்றால் கிடையாது.

3

"எந்தப் பிழையும் பதிவாகலயே மேடம்" என்றார் கம்பெனிக்காரர் போனில்.

பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைத் திறந்து நிரலைப் படித்தாள். பாட்டைத் தசரதனுக்கு நகலெடுத்து அனுப்பிவிட்டு, முனியனின் பெட்டிக்கு 'அழி' என்று ஒரு செய்தி விட்டிருந்தார்கள். அன்றைக்கு அது போய்ச் சேரவில்லை; சேராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை.

"இத்த எழுதுன கணினி மொழியும் அத்தக் கேக்கல சார்" என்றாள் என்னிடம். "கொடுத்தா கை காலியாவணும். எழுதுறவன் மறந்தாலும், நிரலப் படிச்சி சிப்புக்கு மாத்திச் சொல்ற கம்பைலர் உட மாட்டேன்னு நிக்கணும். போய்ச் சேரலன்னா இன்னான்னு எழுதாத வரைக்கும் ஓடவே கூடாது. இத்த எழுதுங்க உங்க கட்டுரையில."

(நினைவகத்துக் குப்பையைக் கூட்டிப் பெருக்க நிரல் நடுவில் நின்றுவிடாமை, சின்னச் சிப்பில் அடங்குவது, இவையும் வேண்டும். இப்போது யாருக்கு அக்கறை?)

4

முடிவு, முதல் வரைவு: பூவிழி இரண்டு பெட்டிகளையும் ஊர்க் கூட்டத்தில் வைக்கிறாள், ஊர் தலையைக் குனிந்து... ஊராவது, தன் தீர்ப்பை விழுங்குவதாவது.

இரண்டாம் வரைவு: முனியன் ஒப்புக்கொள்கிறார்.

"உடு கண்ணு, சொல்லிட்டுப் போறேன். வலை சும்மா காயுது."

"சொல்லாத நைனா. நீ சொல்லிட்டா அந்தப் பெட்டி யோக்கியம்னு ஆயிடும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க நைனா பொய்யருன்னு நீங்களே எழுதிட்டா, கம்பெனிக்காரனுக்கும் உங்களுக்கும் இன்னா வித்தியாசம் சார்?"

இந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான்.

5

நாளை கூட்டம். முனியன் எழுந்து நிற்பார். இதைப் படிக்கிற நீங்களும் அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். அவர் என்ன சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் அவர் என்ன ஆவார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் இந்தக் கதை ஓடாது.

ஊர் முன்னால் வாயால் சொல்லிக் கொடுக்கிறேன்: முடிவு உங்களுடையது. இனி நான் இதில் ஒரு குச்சிகூட ஊன்றக் கூடாது.

ஆனாலும் அந்த மனிதரை மட்டும்...

(இல்லை. கொடுத்தாயிற்று.)