மொட்டு வளர்த்த கணேசலிங்கம்

1.
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. மெல்பேர்ணின் மல்கிரேவில் என் பக்கத்து வீட்டுக் கணேசலிங்கம் அண்ணை போன செவ்வாய் கதவைத் தட்டி, தோடம்பழப் பையோடு நின்று, எழுதச் சொன்ன கதை. பெயரை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார். விஷயம் பெரிது என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

2.
முதல் தொடக்கம்: “மெல்பேர்ண் குளிரில் இலையுதிர்ந்த ஒரு செடி, தன் —”

வேண்டாம். செடி ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்துக் கெடுத்தவர் அண்ணைதான்.

இரண்டாவது தொடக்கம்: அவருடைய மனைவி இராஜேஸ்வரி அக்கா ஐந்து வருடமாக ஒரு மரப் பியோனியை வளர்த்தார்.* ஒரு பூக்கூட இல்லை. இங்கே குளிர்காலமான ஜூன் கடைசியில் தங்கை மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் புறப்பட்டபோது, “அதில கை வையாதேங்கோ, சும்மா விடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

(* மரம் என்றதும் மாமரத்தை நினைக்காதீர்கள். இடுப்பளவுதான். குளிர்காலத்தில் வெறும் குச்சி. பூத்தால் மட்டும் ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு.)

3.
ஓய்வு பெற்று எட்டு மாதமான அண்ணைக்கு வராத ஒரே வேலை, சும்மா விடுவது. வேலி மல்லிகையை ஒவ்வொரு குளிருக்கும் ஒட்ட வெட்டுவார். கோடையில் அது கொட்டோ கொட்டென்று கொட்டும், அக்கா மெச்சுவார். பியோனி பூக்காததற்கும் யாரும் வெட்டாததுதான் காரணம் என்று முடிவு கட்டினார். அக்காவை ஒருமுறை அசத்த வேண்டும் என்ற ஆசை. நிலமட்டத்துக்கு நறுக்கி, குச்சிகளைத் தோட்டக் குப்பைக்கான பச்சை ‘பின்’ தொட்டியில் போட்டார். மறுநாள் காலை லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது. அன்று மாலை யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் போன்.

“இஞ்சேருங்கோ, நாவூறு படுமெண்டு உங்களுக்கும் சொல்லேல்ல. பியோனியில ஒரு மொட்டிருக்கு. பெருத்திட்டுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

எங்கே போய்ப் பார்ப்பது?

“ஓம்... பெருத்திருக்கு.”

4.
அதன்பின் மூன்று கிழமையாக ஒவ்வொரு மாலையும் அந்த மொட்டு வளர்ந்தது. ஒருநாள் நுனி சிவந்தது. மழையன்று அதற்குக் குடை பிடித்ததாகக்கூட அண்ணை சொன்னார். கலியாண வீடு முழுக்க அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாராம். இருபது வருடமாக எழுதும் எனக்கு, இல்லாத ஒன்றை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருக்கத் தெரியாது.

கேட்டு நான் சிரித்தேன். அண்ணை அழுதுவிட்டார்.

“முப்பத்தாறு வருசமா என்ர சொல்லை நம்பினவ, பிள்ளை. இனி நம்புவாவோ?”

அந்தச் சிரிப்புக்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

5.
முடிவுகள்.

(அ) இரவில் கூரையேறித் திரியும் பொசம் தின்றுவிட்டது. அண்ணைக்குப் பிடித்தது இதுதான். ஆனால் எந்தப் பொசமும் இவ்வளவு நேராக வெட்டாது.

(ஆ) புதுச் செடி வாங்கி நட்டுவிடுவது. நாற்றுப்பண்ணையில் விசாரித்தேன். மொட்டோடு ஒரு செடியும் இல்லை, வெட்டியதும் பழைய தண்டில்தான் பூக்கும், ஆகவே இந்த வருடம் பூ இல்லை என்றாள் அங்கிருந்த பெண். ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தை ஆழமாகப் புதைத்திருந்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்குமாம். அக்கா ஒரு சாண் ஆழத்தில் புதைத்தவர். “நடுறீரோ, புதைக்கிறீரோ?” என்று அண்ணை அன்று பகிடி விட்டவர்.

(இ) அவரே சொல்லிவிடுவது. “ஏலாது பிள்ளை. போனை எடுத்தா வாய் தன்ர பாட்டில மொட்டு வளக்குது. நீர் எழுதும், அவ வாசிப்பா.”

6.
என் கதைகளுக்கு எழுத்துப் பிழை பார்ப்பவர் இராஜேஸ்வரி அக்கா. தோடம்பழத்தின் காரணம் இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. அக்கா கட்டுநாயக்காவில் விமானத்துக்குக் காத்திருக்கிறார். நாளை அண்ணை துல்லாமரீன் விமான நிலைய வாசலில் அவருக்காக நிற்பார், நின்று அவர் —

இல்லை, இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அக்கா, இந்த முறை பிழை பார்க்க வேண்டாம். இதை உங்களுக்கு அனுப்பிவிட்டேன் என்று அண்ணைக்கு நான் இன்னும் சொல்லவில்லை. விமானம் ஏறுமுன் வழக்கம்போல அவருக்கு ஒரு போன் எடுத்து, மொட்டு எப்படியிருக்கு என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். போனை வைத்துவிடாதீர்கள்.